ஒரே மாதிரி இரண்டு மான்கள்

1

இந்தக் கதை புழுக்கையில் பிறந்தது. முகம் சுளிக்காதீர்கள். வடதுருவத்தில் ஒரு தீவு. அங்கிருந்த கரிபூ மான்களைச் சுட்டே தீர்த்துவிட்டார்கள், மிஞ்சியது ஒரு கைப்பிடி. வேட்டைக்குத் தடை வந்தபின் மந்தை மெல்லப் பெருகியது. பனியில் கிடக்கும் புழுக்கையைப் பொறுக்கி, மரபணுவைப் படித்து, எத்தனை மான் என்று கணக்குப் பார்க்கிறார்கள். பருத்திப்பட்டு ஏரிக்கரை அடுக்ககத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போடுபவள் தீபிகா.

(முதல் தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்தது, தூரத்தில் ஒரு" – நான் பனியைப் பார்த்தது ஃபிரிட்ஜில்தான். அடித்தாயிற்று.)

2

இரண்டு புழுக்கையின் மரபணு அச்சாக ஒத்துப்போனால், ஒரே மான் இரண்டு இடத்தில் போட்டது என்று ஒன்றை நீக்க வேண்டும். தீபிகா நீக்கினாள். மந்தை இன்னும் சிறிதுதான் என்று அறிக்கை போனது, தடை நீடித்தது.

பிறகு தீவிலிருந்து ஒரு படம் வந்தது, அங்கே பொறுக்கிய மாதிரிகளின் எண்களோடு. அவள் ஒரே மான் என்று எழுதியது, படத்தில் இரண்டு மான்களாக அருகருகே நின்று புழுக்கை போட்டுக்கொண்டிருந்தது. கைப்பிடி மான்களின் வாரிசுகள் தங்களுக்குள்ளேயே கூடிக் கூடி, சோதனையில் பார்க்கும் மரபணுக்களில் ஒரே அச்சாகிவிட்டிருந்தன. அவள் நீக்கியவை எல்லாம் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தன.

[முந்தைய வரைவில் அவளுக்கு ஸ்வாதி, சௌம்யா என்று இரண்டு தோழிகள். இருவரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள் என்று சௌம்யாவை நீக்கினேன். நல்ல எழுத்துக்கு அதுதான் முறை என்பார்கள். இப்போது அடித்த பக்கத்தைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன்.]

3

தொழிற்சாலையிலிருந்து திரும்பிய கணவன் ஜெகன், பக்கத்துச் சேக்காட்டுக்காரன், அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா, துன்னாமகூட அந்தப் புழுக்கையையே பாத்துகினு கீற?"

"தப்பா எண்ணிட்டேன் ஜெகன். மான் நிறைய இருக்கு."

"நிறைய கீதுன்னா நல்லதுதானே? அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?"

"நிறைய இருக்குன்னு எழுதினா தடையை எடுத்துடுவாங்க, சுடுவாங்க. அவங்க சட்டம் தலையை மட்டும்தான் எண்ணும். எல்லாம் ஒரே ரத்தம். ஒரு நோய் வந்தா ஒண்ணுகூடத் தாங்காது."

"அப்போ சொல்லாத. வுட்டுடு."

"படம் அனுப்பினவங்க அந்தத் தீவுல வேட்டையாடியே வாழுறவங்க. இந்தக் குளிருக்காவது கறி கிடைக்குமான்னு கேட்டிருக்காங்க."

ஜெகன் அவளுடைய தட்டை மூடி வைத்தான்.

4

வெளியிலிருந்து வேறு ஆண்மான்களைக் கப்பலில் கொண்டுவந்து மந்தையில் விட்டார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். கப்பல் கிளம்புவதற்குள் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். உண்மையைச் சொல்லட்டும் என்றால், படத்திலிருக்கும் இரண்டில் எதை முதலில் சுடுவது என்றும் நீங்களே சொல்லிவிடுங்கள். மறைக்கட்டும் என்றால், இந்தக் குளிருக்கும் கறி இல்லை என்று அவர்களுக்கு நீங்களே எழுதுங்கள். எனக்கு இரண்டுக்கும் தைரியமில்லை. தீபிகா நாளைக் காலை அறிக்கையை அனுப்பியாக வேண்டும்.