டாரிலுக்குப் புத்தி சரியாக இருக்கிறது

தேர்தல் நாளன்று எங்கள் மில்லாரூவில் ஓட்டைவிட சாசேஜ்தான் முக்கியம். பள்ளிக்கூட வாசலில் அடுப்பு புகையும், வெங்காயம் வதங்கும், ஊரே ரொட்டித் துண்டில் சாசேஜைச் சுருட்டிக் கடித்தபடி வரிசையில் நிற்கும். இடுக்கியோடு அதைப் புரட்டிக்கொண்டிருப்பவன் என் தம்பி டாரில். அதைவிடப் பொறுப்பான வேலையை ஊரில் யாரும் அவனிடம் தந்ததில்லை.

நான் கொரின். வயது நாற்பத்தாறு. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, நாக்கும் அவற்றோடு கூட்டணி. சக்கர நாற்காலியில் இருக்கிறேன். மூளைக்கு ஒன்றுமில்லை. இதைச் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது. கேட்கிறவர்கள் தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார்கள் பாருங்கள், அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் நாட்டில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். எங்கள் தொகுதியில் எட்டு வேட்பாளர்கள். எட்டுக் கட்டத்திலும் பிடித்த வரிசையில் ஒன்று முதல் எட்டு வரை எண் போடவேண்டும், ஒன்றை விட்டாலும் சீட்டு செல்லாது. மூன்று வாரம் உட்கார்ந்து எட்டுப் பேரின் யோக்கியதையையும் படித்திருந்தேன். முதல் இடத்துக்கு ஆள் தேடுவதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசி இடத்துக்கு மூன்று பேர் முட்டிமோதினார்கள்.

லூபே என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டோங்கா தீவுக்காரி, நான் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் வேலை, என் பேச்சு புரிகிற நாலைந்து பேரில் ஒருத்தி. முன்வாசலில் மூன்று படி. சாய்தளம் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே. ஒரு தொட்டியை நகர்த்தித்தான் உள்ளே போனோம்.

மேஜையில் பட்டியலோடு நோரீன் பாஸ்கோ இருந்தாள், அந்தப் பள்ளியிலேயே முப்பது வருடம் பாடம் எடுத்தவள். என்னைத் தாண்டி லூபேயைப் பார்த்தாள்.

"இவங்க பேரு என்னம்மா?"

"அவங்கதான் இங்கயே இருக்காங்களே, அவங்களையே கேளுங்க" என்றாள் லூபே.

சொன்னேன். புரியவில்லை. லூபே திருப்பிச் சொன்னாள். நோரீன் அடிக்கோலைப் பட்டியலில் மேலிருந்து கீழே நகர்த்தினாள். மறுபடியும் நகர்த்தினாள். பிறகு உள்ளே போய் யாருக்கோ போன் போட்டாள். திரும்பி வந்தவள், எனக்குக் காதும் கேட்காது என்று முடிவு செய்துவிட்டவள்போல, கூடமே கேட்கும்படி சொன்னாள்:

"உங்க பேர எடுத்துட்டாங்க செல்லம்! மனநிலை சரியில்ல, ஓட்டுன்னா என்னன்னே புரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. டாக்டர் சான்றிதழும் இருக்காம்."

"யார் குடுத்தது?" என்று லூபே வழியாகக் கேட்டேன்.

"குடும்பத்துலேர்ந்துதான்."

எனக்குக் குடும்பம் என்று இருப்பது ஒரே ஒரு ஆள். வாசலில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் போய்க் கேட்டோம்.

"அட, அதுவா!" என்றான் டாரில், இடுக்கியைக்கூட கீழே வைக்காமல். "போன தடவ டாக்ஸி வரலன்னு நீ ஓட்டு போடல. ஏன் போடலன்னு லெட்டர் வந்துச்சு. உன் லெட்டரெல்லாம் என் வீட்டுக்குத்தான வருது? பதில் எழுது, இல்லன்னா அபராதம் கட்டு... யாருக்கு இந்தத் தலவலி? பேர எடுத்துட்டா உனக்கு நிம்மதின்னு ஒரு ஃபாரம் போட்டேன். உன் நல்லதுக்குத்தான் கொரி."

"மறுப்பு இருந்தா சொல்லுன்னு எனக்கு லெட்டர் வந்திருக்குமே?"

"வந்துச்சு. உனக்கு எதுக்கு வீண் கவலைன்னு சொல்லல."

"எந்த டாக்டர்?"

"விக்கம். முட்டி வலிக்குன்னு போனேன். அப்படியே ஒரு கையெழுத்தும் வாங்கிட்டேன்."

"அந்தாளு என்னப் பாத்ததே இல்லியேடா!"

லூபே இதை எடுத்துச் சொன்னபோது அவள் குரல் என் குரலைவிட மோசமாக நடுங்கியது.

"போட்டோ காட்டினேனே" என்றான்.

நான் அழவில்லை. அழுதால் அதையும் சான்றிதழில் சேர்த்துவிடுவார்கள். ஒரே அம்மாவின் பாலைக் குடித்து வளர்ந்தவன், என் போட்டோவைக் காட்டி என்னை ஊர்க்கணக்கிலிருந்து அழித்திருக்கிறான். அதில் அவனுக்கு வெட்கமில்லை. வெங்காயம் கருகுகிறதே என்பதுதான் கவலை.

"நீ ஓட்டு போட்டியா?" என்று கேட்டேன்.

"காலைலயே ஆச்சு."

"யாருக்கு?"

"யாருக்கா? மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டுட்டு வந்துட்டேன். எப்பவும் அப்படித்தான். எட்டு செகண்ட். எவன் பேரு என்னன்னு எவன் படிப்பான்?"

எங்கள் நாட்டில் இதற்குக் கழுதை ஓட்டு என்று பெயர். அதற்காக எந்தக் கழுதையும் இதுவரை வழக்குப் போடாதது அதன் பெருந்தன்மை.

என்னைத் திரும்பவும் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்படி லூபேயிடம் சொன்னேன். டாரிலும் பின்னாலேயே வந்தான். நோரீனிடம் அந்த ஃபாரம் எனக்கு ஒன்று வேண்டும் என்றேன். நான் சொல்லச் சொல்ல லூபே உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

"எந்த ஃபாரம்?"

"என் பேர எடுத்தாங்கள்ல, அதே ஃபாரம். இவன் பேர எடுக்கணும். ஓட்டுன்னா என்னன்னு இவனுக்குப் புரியல. இப்பதான் எல்லார் முன்னாடியும் அவனே ஒத்துக்கிட்டான்."

வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். நோரீன் முதல்முறையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"அதக் குடுக்கணும்னா, பட்டியல்ல உங்க பேர் இருக்கணும் கொரின்."

"சரி. டாரில், உன் பேர் இருக்கில்ல? நீயே உன்மேல எழுதிக் குடுத்துடு. டாக்டர் விக்கம் கையெழுத்து போடுவாரு. போட்டோ மறக்காம எடுத்துட்டுப் போ."

இப்போது சிரித்தவர்கள் இன்னும் அதிகம். டாரில் மட்டும் சிரிக்கவில்லை. கன்னம் சிவந்து, "விடு கொரி, மானத்த வாங்காத. திங்கக்கிழம போய் சரி பண்ணிடறேன்" என்றான்.

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். நானே போறேன். இந்தத் தடவ அந்தாளு என்னப் பாத்துட்டு எழுதட்டும்."

பட்டியலில் பேர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு என்றாள் நோரீன். சீட்டை நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, மேலே உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டும். பெயர் தவறுதலாக விடுபட்டது என்றால் பிறகு பிரித்து எண்ணுவார்கள். "உங்க விஷயத்துல எண்ண மாட்டாங்கன்னுதான் தோணுது" என்று மெல்லச் சொன்னாள்.

குடுங்க என்றேன்.

ஓட்டுப் போடும் அட்டைத் தடுப்புகளில் உயரம் குறைந்தது ஒன்றுதான் இருந்தது. அதன் மேல் யாரோ தின்ற ரொட்டியின் காகிதம். லூபே அதை எடுத்து எறிந்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். பென்சிலை முஷ்டியில் செருகி எழுத ஆரம்பித்தேன். நாலு என்று எழுதப்போனால் கை ஒன்பதுக்குப் போகும். பிடித்து இழுத்துத் திரும்பக் கொண்டுவரவேண்டும். ஒரு சீட்டு கெட்டது. கேட்டு வேறு வாங்கினேன். எட்டு எண்களுக்கு நாற்பது நிமிடம். ஒவ்வொரு எண்ணுக்கும் என்னிடம் காரணம் இருந்தது, கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். கையெழுத்துப் போட்டு முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வெளியே டாரில் ஒரு சாசேஜைப் பொடிப்பொடியாக நறுக்கித் தட்டில் வைத்துக் காத்திருந்தான்.

"இவளுக்கு சாஸ் ஊத்தட்டுமா?" என்று லூபேயிடம் கேட்டான்.

நாற்காலியைத் தள்ளச் சொல்லிக் கை காட்டினேன்.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, டாரில் வீட்டு முகவரிக்குத்தான். அவன் ஏற்கெனவே பிரித்துப் படித்துவிட்டுக் கொண்டுவந்தான். 'மதிப்புக்குரிய வாக்காளரே' என்று தொடங்கியது. பட்டியலில் என் பெயர் இல்லாததால் என் உறை பிரிக்கப்படவே இல்லையாம். டாரிலுடையதை மட்டும் எண்ணிவிட்டார்கள்.