நல்ல தண்ணீரில் குளிக்கும் கார்

எங்கள் இறுப்பிட்டிக் கிணறுகளில் ஊறுவது உவர்நீர். குளிக்கலாம், கழுவலாம், குடித்தால் முகம் கோணும். குடிதண்ணீர் கிழமைக்கு ஒருமுறை ரஜீபனுடைய தண்ணீர்த் தாங்கி பூட்டிய பவுசர் லொறியில்தான் வரும். பக்கத்து வீட்டுக் கோபிசங்கர் பிரான்சிலிருந்து திரும்பி வந்து, தன்னைவிட வயது கூடிய ஒரு காரை வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார். கார் வடிவானதுதான், நான் பொய் சொல்லக்கூடாது. ஆனால் அது ஓடியதைவிடக் குளித்தது அதிகம்.

பவுசர் வந்து நின்றால் அவருக்கு வாய் சும்மா இராது.

"இதெல்லாம் ஒரு வாகனமே, ரஜீபன்? தகரப் பேணி. கார் எண்டால் இது. அந்தக் காலத்து இரும்பு. தட்டிப் பாரும்."

"ஓம் அண்ணை," என்பான் ரஜீபன், குழாயை அவர்கள் வீட்டுப் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பரலுக்குள் விட்டபடி.

அந்தக் காலத்து இரும்புக்கு உவர்நீர் ஆகாதாம், துருப்பிடிக்குமாம். ஆகவே கார் குடிதண்ணீரில் குளிக்கும். தகரப் பேணி உப்புக் காற்றில் நாளெல்லாம் ஓடி அதற்குத் தண்ணீர் சுமந்து வரும். இது என்ன நியாயமோ, எனக்கு எரிச்சல்தான் வரும். அவர் மனைவி சுலோஜனா பரலை எட்டிப் பார்த்துப் பார்த்து உலை வைப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவள் நான்.

நயினாதீவுத் திருவிழா வந்தது.

"அக்கா, அடுத்த கிழமை வர ஏலாது. நாளையிலிருந்து தண்ணீர்ப் பந்தலுக்கு ஏத்த வேணும். இதைப் பார்த்துப் பாவியுங்கோ," என்றான் ரஜீபன்.

சுலோஜனா பரலை மூடி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள்.

மறுநாள் காலை குழவி நிலத்தில் கிடந்தது. கார் பளபளத்தது. பரலில் ஒரு செம்புத் தண்ணீர்கூட மிச்சமில்லை.

"குறிகட்டுவான் துறையிலை திருவிழாச் சனம் வந்து இறங்கும். தூசியோடை கொண்டுபோறதே?" என்றுவிட்டுக் கோபிசங்கர் புறப்பட்டார்.

பாதி வழியில் கார் புகைந்து நின்றது. வெளியே அவ்வளவு தண்ணீர் வார்த்தவர் றேடியேற்றருக்கு ஒரு சொட்டு விட மறந்துவிட்டார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, பந்தலில் தண்ணீரை இறக்கிவிட்டு வெறும் பவுசரோடு ரஜீபன் வந்தான். கயிறு கட்டி இழுத்தான். எதிரே போன பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் தலையை வெளியே நீட்டிப் படம் எடுத்ததாம். அந்தக் காலத்து இரும்பு தகரப் பேணிக்குப் பின்னால் படலைக்குள் வந்ததை நானும் கண்குளிரப் பார்த்தேன்.

வெயிலில் நின்ற மனிதருக்கு நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கேட்டார். சுலோஜனா செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மிடறு குடித்ததும் துப்பினார்.

"இது கிணத்துத் தண்ணியெல்லோ."

"ஓம்," என்றாள் சுலோஜனா. "உங்களுக்குத் துருப்பிடிக்காது. குடியுங்கோ."