தலை தீபாவளிப் பரிசு

'என் திருமணம் நடக்கவில்லை. என் முகவரியை நீக்கும்படி முன்பே கேட்டிருந்தேன். - சிவதர்ஷினி, மார்சிலிங்.'

மதுரா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தாள். சிராங்கூன் சாலைப் புடவைக் கடையின் மாடியில் உட்கார்ந்து, கடைக்கான விளம்பர மின்னஞ்சல்களை அனுப்புவது அவள் வேலை. சிவதர்ஷினியின் முகவரியை அவள் அப்போதே நீக்கிவிட்டாள். ஆனால் முதலாளியின் மகன் சுஹைப் மாதாமாதம் பில் விவரங்களை மொத்தமாக ஏற்றுவான். நீக்கியவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள்.

சிவதர்ஷினிக்கு நேற்று போனது முன்னறிவிப்புதான். இன்று மாலை போகவிருப்பது, கல்யாணப் புடவை எடுத்த அத்தனை பேருக்கும்: 'உங்கள் தலை தீபாவளிக்கு எங்கள் பரிசு.'

"வெப்சைட்டுல 'விளம்பரம் அனுப்பலாம்'னு டிக் பண்ணவங்களுக்கு மட்டும் அனுப்பலாம், சுஹைப்."

"பில்லுல இருந்தா கஸ்டமர்தானே லா?"

"ப்ளவுஸ் ரெடியானா சொல்லத்தான் ஈமெயில் கொடுத்தாங்க. விளம்பரத்துக்குக் கேட்கல. அது சட்டப்படி தப்பு."

"வக்கீலம்மா, நீங்க பயாலஜிதானே படிச்சீங்க?" திரையில் டிக் செய்தவர்களின் சொற்ப எண்ணிக்கையைப் பார்த்து விசிலடித்தான். "இதுக்கு நானே வீடு வீடா போயிடுவேன். அப்பாகிட்ட நீயே சொல்லு."

அவளுக்கு அவரிடம் 'குட் மார்னிங்' சொல்லவே தயக்கம். அது அவனுக்குத் தெரியும்.

கீழே பண்டிகைக் கூட்டம். முதலாளி அப்துல் அஜீஸ் கல்லாவில் இருந்தார். அவள் சிவதர்ஷினியின் மடலைத் திறந்து கைபேசியை நீட்டினாள். அவர் படித்தார், மறுபடியும் படித்தார்.

"மெரூன் பட்டு. அம்மாவோட வந்துச்சு இந்தப் பொண்ணு." நிமிர்ந்தார். "நம்ம கடையில கல்யாணப் புடவை எடுத்தா, தலை தீபாவளிக்குக் கூப்பிட்டுச் சொல்றது வழக்கம்மா. அப்பல்லாம் நானே போன் போடுவேன்."

"இப்ப மெஷின் அனுப்புது, அங்கிள். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"நம்பர் இருக்குல்ல? நானே பேசி மன்னிப்புக் கேட்டுடுறேன். வேற புடவைக்கு டிஸ்கவுண்ட்டும்..."

"வேணாம்!" கூட்டத்தில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். மதுரா குரலைத் தாழ்த்தினாள். "கூப்பிடாதீங்க, அங்கிள். தொந்தரவு பண்ணாதீங்கன்னுதான் எழுதியிருக்காங்க."

"அப்ப என்னதான் செய்யுறது?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. கேட்டவங்களுக்கு மட்டும் அனுப்பணும். அவங்கதான் திறந்து படிக்கிறாங்க. மத்தவங்க 'ஸ்பேம்'னு குப்பையில தள்ளித் தள்ளி, கேட்டவங்களுக்கே நம்ம மெயில் போய்ச் சேர மாட்டேங்குது."

அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "வியாபாரம் படுத்தா சுஹைப் என்னையத்தான் திட்டுவான்," என்றார். அடுத்த வாடிக்கையாளரின் பையை இழுத்துக்கொண்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் படியேறினாள்.

பில்களை எத்தனை முறை ஏற்றினாலும் திரும்பி வராதபடி, விலகியவர்களின் முகவரிகளுக்கெல்லாம் நிரந்தரத் தடை போட்டாள். ப்ளவுஸ் தையல் சீட்டிலும் ஒரு காலிக் கட்டமும் ஒரு கேள்வியும் சேர்த்தாள்: 'சலுகைச் செய்திகள் அனுப்பலாமா?' டிக் செய்திருந்த சிலருக்கு மட்டும் பரிசு அறிவிப்பு போனது. சுஹைப் எட்டிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான்.

கடைசியாகச் சிவதர்ஷினிக்கு எழுதினாள். 'நீக்கிவிட்டோம். தவறு எங்களுடையது. இனி வராது.' ஆறுதலாக ஒரு வரி சேர்த்தாள். பிறகு அதை அழித்தாள்.

அனுப்பப் போனவள் கை நின்றது. அடியில், எல்லா மடல்களிலும் தானாக ஒட்டிக்கொள்ளும் படம்: விளக்கேற்றும் புதுமணத் தம்பதி.

அதையும் நீக்கிவிட்டு அனுப்பினாள்.