அனுப்பப்பட்டுவிட்டது

அம்மாவுக்கு வர வேண்டிய ரீஃபண்ட் அனுப்பப்பட்டுவிட்டது என்று வருமான வரித்துறையின் இணையப் பக்கம் மாதக்கணக்காகச் சாதித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒன்று வரவே இல்லை என்று வங்கியும் அதே பிடிவாதத்தோடு சாதித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வயிறு எரிந்தவள் சுள்ளி.

சுள்ளி என்பது அப்பா வைத்த பெயர். தீக்குச்சியைக் காட்டும் முன்பே பற்றிக்கொள்கிற பிள்ளை என்று லாரி ஓட்டப் போகிற இடத்திலெல்லாம் பெருமையாகச் சொல்லுவார். ஒழுங்கான பெயர் ஒன்று பட்டச் சான்றிதழில் இருந்தது. சான்றிதழ் பீரோவில் இருந்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள் அவள்தான் என்பதால், வீட்டுக்குள் எந்தக் காகிதம் நுழைந்தாலும் அவள் கையில்தான் திணிப்பார்கள். அவள் படித்தது விலங்கியல். தவளையை அறுக்கத் தெரியும், வரியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

"மூணு வருஷம் காலேஜுல என்னதான் கிழிச்ச?" என்றார் மாமா, அம்மாவின் தம்பி.

"தவளையைக் கிழிச்சேன் மாமா. நீங்க வந்து படுங்க, மறந்துபோச்சான்னு பாக்குறேன்."

"வாயைப் பாரு!" என்று அம்மா அதட்டினாள். ஆனால் சிரித்தாள்.

அம்மா சிரித்து நாளாகியிருந்தது. அவள் லைன் சூப்பர்வைசராக இருந்த சட்டைத் தொழிற்சாலை போன வருடம் இழுத்து மூடப்பட்டது. கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை மொத்தமாகக் கொடுத்தார்கள். அவள் மாதா மாதம் அவ்வளவு சம்பாதிக்கிற சீமாட்டி என்பதுபோல அதில் ஒரு பெரிய துண்டை வரியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தது அதிகம், திரும்பி வரும் என்று சொன்னார்கள். அந்தப் பணத்தை நம்பித்தான் அம்மா ஒரு தையல் மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தாள். இரண்டு தெரு தள்ளி இருந்த தையல்காரர் கடையை ஒழித்துவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். மெஷினை அம்மாவுக்கே தருகிறேன் என்றவர், மாதங்கள் ஓடியதும் நெளிய ஆரம்பித்திருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. இன்னொருத்தர் கையில காசோட நிக்கிறாரு. வர்ற சனிக்கிழமை வரைக்கும்தான் என்னால தாக்காட்ட முடியும்."

அம்மா சரி என்று தலையாட்டினாள். அவர் போனபிறகு, மெஷினுக்கென்று ஒழித்து வைத்திருந்த ஜன்னலோர இடத்தில் அரிசி மூட்டையை நகர்த்தி வைத்தாள். அதைப் பார்த்ததும்தான் சுள்ளிக்குப் பற்றிக்கொண்டது.

"எதுக்கும்மா அதை அங்க வைக்கிற?"

"சும்மா கெடக்குற எடம்தானே."

"சனிக்கிழமை வரைக்கும் அது உன் கடை. மூட்டையை எடு."

தானே எடுத்தாள். அதே வேகத்தில் போனைத் திறந்து அந்தப் பாழாய்ப்போன பக்கத்துக்குப் போனாள். தினமும் பார்க்கிற பக்கம்தான். வரி எண்ணைப் போடு, பட்டனை அழுத்து, 'அனுப்பப்பட்டுவிட்டது'. இத்தனை நாளும் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் ஆத்திரத்தில் மூடிவிடுவாள். இன்று மூடவில்லை. கீழே வரை தள்ளிக்கொண்டே போனாள். அடியில், வரிசையாக நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால், நான்கு எண்கள் ஒண்டிக்கொண்டிருந்தன.

"அம்மா, உன் பாஸ்புக்கை எடு."

பாஸ்புக்கில் கடைசி நான்கு எண்கள் வேறாக இருந்தன.

"இது எந்தக் கணக்கு?"

அம்மா திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "இது கம்பெனியில சம்பளம் போடுவாங்களே, அதுடி. அதோட கார்டைத்தான் நான் வெட்டிப் போட்டுட்டேனே."

"வெட்டிப் போட்டியா?"

"துணி வெட்டுற கத்தரியால. இனிமே சம்பளமே வராது, கார்டு எதுக்குன்னு வயித்தெரிச்சல்ல வெட்டினேன்."

சுள்ளிக்கு அம்மாவைத் திட்ட வாய் வந்தது. பிறகு தினம் தினம் அந்தப் பக்கத்தைப் பார்த்தும் நான்கு எண்ணைப் பார்க்காத தன்னை எந்த வாயால் திட்டுவது என்று தோன்றியது. இத்தனை மாதமாக ஒரு வங்கியில் போய் மல்லுக்கட்டியிருக்கிறார்கள், பணம் போனது வேறொரு வங்கிக்கு.

மறுநாள் காலை அந்த வேறொரு வங்கியின் கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கணக்கு மூடியாச்சும்மா."

"யாரு மூடினா? நாங்க மூடலையே" என்றாள் சுள்ளி.

"சம்பளக் கணக்கு கம்பெனி பேர்ல சேர்ந்தது. கம்பெனி போனதும் சம்பளம் வரலை, அப்படியே மூடிட்டாங்க. உங்க ரீஃபண்ட் வந்திருக்கு. கணக்கு இல்லாததால அன்னைக்கே திருப்பி அனுப்பிட்டோம்."

"திருப்பி அனுப்பினதை ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

"வரி ஆபீஸ்ல இருந்து உங்களுக்கு மெயில் வந்திருக்குமே. வேற கணக்கு எண் குடுங்கன்னு கேட்டிருப்பாங்களே."

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு மெயில் என்று ஒன்று கிடையாது.

"மெயில் எதைக் குடுத்த?" வெளியே வந்ததும் சுள்ளி கேட்டாள்.

"நான் எங்கடி குடுத்தேன்? எல்லாம் ஆடிட்டர்தான் போட்டாரு."

ஆடிட்டர் என்று அந்த வட்டாரமே கூப்பிட்டது. அவர் ஆடிட்டர் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே, செங்குத்தான இரும்புப் படி ஏறிப் போனால் ஓர் அறை, ஒரு கணினி, சுவரெல்லாம் கயிறு கட்டிய கோப்புகள். தொழிற்சாலை மூடிய வாரத்தில் கேட்டுக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்து, அழுதுகொண்டு நின்ற பெண்களுக்கெல்லாம் வரிக்கணக்குத் தாக்கல் செய்து கொடுத்தவர். குறைந்த கூலிதான் வாங்கினார் என்று அம்மா இன்றுவரை அவரை மரியாதையாகத்தான் பேசுவாள்.

"சார், எங்கம்மா கணக்குல எந்த மெயிலைப் போட்டீங்க?" படி ஏறிய மூச்சு அடங்கும் முன்பே சுள்ளி கேட்டாள்.

"என்னோடதுதாம்மா. இவங்கள்ல பாதிப் பேருக்கு மெயிலே இல்ல. போனும் என் நம்பர்தான். ஓடிபி கேட்டு ஒவ்வொருத்தர் பின்னாடியும் ஓட முடியுமா?"

"இவங்கன்னா?"

"அந்தக் கம்பெனி லேடீஸ் எல்லாருக்கும்."

"அந்த மெயிலைத் திறங்க."

"இப்பவா? வேலை இருக்கும்மா, நாளைக்கு..."

"திறங்க சார்."

திறந்தார். படிக்காத கடிதங்கள் திரையை நிறைத்து நின்றன. வரித்துறையிலிருந்து வந்தவை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. உங்கள் ரீஃபண்ட் திரும்பி வந்துவிட்டது, சரியான வங்கிக் கணக்கைத் தெரிவியுங்கள். அம்மாவுக்கு ஒன்று, நினைவூட்டி இன்னொன்று. பட்டன் வைக்கிறவளுக்கு ஒன்று. கட்டிங் மாஸ்டரின் மனைவிக்கு ஒன்று. முப்பதுக்கும் மேற்பட்ட பெண்களின் பணம் வாசல் வரை வந்து, கதவைத் தட்டி, ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருந்தது. தட்டிய சத்தம் முழுக்க இந்த ஒரு மனிதரின் காதில் விழுந்திருக்கிறது.

"தினமும் நூறு மெயில் வருதும்மா. விளம்பரம்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றார். பிறகு தொழில் ஞாபகம் வந்துவிட்டது. "சரி, விடு. புதுக் கணக்கு மாத்திரலாம். மாத்துறதுக்குத் தனி ஃபீஸ் ஆகும்."

சுள்ளி அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஃபீஸா? உங்க போன்ல எங்கம்மா பெட்டிச் சாவி கெடக்குது. சாவியைத் திருப்பிக் குடுக்கக் கூலி கேக்குறீங்களா?"

"மரியாதையாப் பேசும்மா. படிச்ச பொண்ணுதானே நீ?"

"படிச்சதாலதான் உக்காந்து பேசுறேன். உங்க பொண்டாட்டி பணம்னா ஆறு மாசம் மெயிலைப் பாக்காம இருப்பீங்களா? எங்கம்மா நம்பரை மாத்தணும். அதுக்கு ஓடிபி உங்க போனுக்குத்தான் வரும். அது வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். ராத்திரி பூட்டிட்டுப் போறதா இருந்தா என்னையும் சேத்துப் பூட்டிட்டுப் போங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்கிற பார்வை. அம்மா இத்தனை நேரமும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். மகள் வாய் நீளும்போதெல்லாம் தோளைத் தொட்டு அடக்குகிறவள்தான். இப்போது தொடவில்லை. திரையில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் லைனில் வேலை பார்த்தவர்கள். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டுக்காரர் படுத்த படுக்கை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"தம்பி" என்றாள். அதுவரை சார் என்று மட்டுமே கூப்பிட்டவள். "போனைச் சார்ஜ்ல போடுங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்கணும்."

"எதுக்குக்கா?"

"என்னோடதை மட்டும் மாத்திட்டுப் போனா, மத்தவளுங்க கிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுறது? எல்லாரையும் வரச் சொல்றேன்."

அம்மா அறையின் மூலைக்குப் போய் போன் பேசத் தொடங்கினாள். சுள்ளி அந்தக் குரலை வீட்டில் கேட்டதே இல்லை. நூறு மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். "பாஸ்புக்கு எடுத்துக்க. செத்த கணக்கு வேணாம், இப்ப உயிரோட இருக்குற கணக்கு. உன் சொந்த போனோட வா. மெயில் இல்லைன்னா என் பொண்ணு ஆரம்பிச்சுக் குடுப்பா. பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லு. உடனே வா, லைன் நிக்குது."

மதியத்துக்குள் இரும்புப் படி முழுக்கப் பெண்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்து, மேலே என்ன இலவசமாகத் தருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். அம்மா படியின் உச்சியில் நின்றாள். பாஸ்புக்கைத் திறந்து எண்ணைச் சரிபார்த்து ஒருத்தியை உள்ளே விடுவாள். சுள்ளி கணினியில் அடிப்பாள். ஆடிட்டர் தன் போனைக் கையில் ஏந்திக்கொண்டு, வருகிற ஓடிபியை உரக்கப் படிப்பார். பழைய நம்பர் போய்ப் புது நம்பர் வந்துவிட்டதா என்று அந்தப் பெண்ணின் போனில் பார்த்து உறுதி செய்தபிறகே அம்மா அடுத்தவளை அழைப்பாள்.

"மெதுவா வாசிங்க சார், ஏலம் விடாதீங்க" என்றாள் பட்டன் வைக்கிறவள்.

"நீ ஒருத்தி எட்டை மூணுன்னு எழுதி வச்சிருக்க, நான் ஏலம் விடுறேனா?"

"அது எட்டுதான். என் கையெழுத்து அழகு உங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

படியில் சிரிப்பு எழுந்தது. ஆடிட்டருக்குத் தொண்டை கட்டிப்போனது. ஃபீஸ் என்ற சொல்லை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நடுவில் கீழே போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். சுள்ளி டீயைக் குடித்தாள், நன்றி சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தது. ஆனால் பணம் அன்றைக்கே வந்து குதித்துவிடாதே. மறுபடி அனுப்பச் சில வாரங்கள் ஆகும் என்று திரையில் போட்டிருந்தது. இருந்ததோ சனிக்கிழமை வரைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தையல்காரர் கடைக்குப் போனார்கள். சுள்ளி போனை நீட்டினாள். "பாருங்க, இப்ப எங்க நம்பர், எங்க கணக்கு. கோரிக்கை ஏத்துக்கிட்டாச்சுன்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கும்மா, நான் இல்லைங்கலை. இதைக் கொண்டுபோய் மக வீட்டுல குடுத்தா சாமான் ஏத்துற லாரிக்கு வாடகை கட்டுவாளா?"

சுள்ளி எகிற வாயைத் திறந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள். அம்மாவின் கண் மெஷின் மேல் இல்லை, அதற்குப் பின்னால் தரையில் குவிந்து கிடந்த வெட்டிய துணிகள் மேல் இருந்தது.

"இது என்ன உருப்படி?"

"ஸ்கூல் யூனிஃபார்ம். ஒத்துக்கிட்டுத் தொலைச்சேன். கண்ணு சரியில்ல, முடிக்க முடியல. அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு மாத்திவிடணும்."

"திருப்பிக் குடுக்காதீங்க. இந்த மெஷின்லயே, உங்க கடையிலயே உக்காந்து நான் முடிச்சுத் தர்றேன். வர்ற கூலி மொத்தமும் உங்களுக்கு, அதுல லாரி வாடகையைப் பாத்துக்கங்க. நீங்க கெளம்புறதுக்குள்ள என் பணம் வந்தா மெஷின் எனக்கு. வரலைன்னா காசோட நிக்கிறவருக்கே குடுங்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

தையல்காரர் துணிக்குவியலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "எத்தனை நாள்ல முடிப்ப?"

"நூல் இருக்கா?" என்று கேட்டபடி அம்மா செருப்பைக் கழற்றினாள்.

அன்றிலிருந்து சுள்ளி காலையில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து முடித்துவிட்டு நேரே அந்தக் கடைக்குத்தான் போனாள். அம்மா தைத்ததற்கு நூல் நறுக்குவாள், மடித்து அடுக்குவாள், நடுநடுவே பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். இப்போது அடி வரை படித்தாள், ஓர் எழுத்து விடாமல். மாமா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னுமா வரவில்லை என்று ஆரம்பித்தார். கையில் கத்தரியோடு அவள் நிமிர்ந்ததும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

யூனிஃபார்ம் குவியல் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்த ஒரு மதியம், அம்மாவின் போன் மெஷின் மேசையில் அதிர்ந்தது. அம்மாவின் சொந்தப் போன், அம்மாவின் சொந்த நம்பர். சுள்ளி எடுத்துப் பார்த்தாள். வங்கியிலிருந்து. வரித்துறையை நம்பாதவள் வங்கியையும் நம்பவில்லை. இருப்புத் தொகையைத் தனியாகத் திறந்து பார்த்து, பிறகுதான் சொன்னாள்.

"அம்மா, விழுந்துருச்சு."

அம்மா காலை மிதியிலிருந்து எடுக்கவில்லை. காலரின் வளைவு முடியும் வரை ஓட்டி, நூலை அறுத்துவிட்டு, தையல்காரரிடம் சொன்னாள். "அண்ணே, மெஷினுக்கு ரசீது எழுதுங்க. பாப்பா பணத்தை எடுத்துட்டு வருவா." பிறகு மகளைப் பார்த்தாள். "பட்டன் வைக்கிறவளுக்கு வந்துச்சான்னு கேளு. காலையில வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் இல்ல."

சுள்ளி கேட்டாள். வரவில்லை. இன்னும் நான்கைந்து பேருக்கும் வரவில்லை.

பணத்தை எடுத்துக் கொடுத்து, ரசீதில் அம்மாவின் முழுப் பெயரையும் எழுத வைத்து வாங்கினாள். அதை அம்மாவின் மேசையில் வைத்துவிட்டு, பட்டன் வைக்கிறவளை நேரே ஜெராக்ஸ் கடை வாசலுக்கு வரச் சொன்னாள்.

மேலே இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டதும், யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்காமலேயே ஆடிட்டர் போனைச் சார்ஜில் செருகினார்.