முப்பத்தெட்டாவது பேர்

வாப்பா மவுத்தாகிப் பதினெட்டாம் நாள் காலையில நஸீர் சேர் வந்தார். எங்கட பள்ளிவாசல் நிர்வாகத்துக்குச் செயலாளர் அவர்தான். முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பிச்சவர், பென்சன் எடுத்தும் அந்தப் பழக்கம் விடல்ல. கதிரையில இரிந்ததும் இரியாததுமா, "நஸ்லா, மூணு முறைக்கும் நிறை குறை போட்டு ஒரு ஒப்பீடு எழுதித் தாங்க மகள். ரெண்டு பக்கம் போதும். வெள்ளிக்கிழம கூட்டம்" எண்டார். எட்டாம் வகுப்புக்கு வீட்டு வேலை குடுக்கிறாராம்.

எனக்குக் கோவம் வந்திருக்கணும். வரல்ல. பல்லுக் கழட்ட ஊசி போட்டா வாய் இரிக்கும், ஆனா அது நம்மட வாயில்லாத மாதிரி இரிக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்பிடித்தான் இரிந்திச்சி. வந்த பொம்புளயள் எல்லாம் "அழு புள்ள, உள்ளுக்க வெச்சிக்கிட்டிருந்தா நெஞ்சடைக்கும்" எண்டு சொல்லிப் பார்த்தாங்க. புருசன் மவுத்தானவ வெளிய வராம இரிக்கிற இத்தாவுல உம்மா அறைக்குள்ள இரிந்து எனக்கும் சேத்து அழுதா. நான் வந்தவங்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்.

அவர் கேட்ட ஒப்பீடு எதுக்கெண்டு சொல்றன். நான் கொழும்புக் கொம்பனி ஒண்டுக்கு, நிந்தவூர்ல வீட்டுல இரிந்துக்கிட்டே ஆப் செஞ்சி குடுக்கிற ஆள். போன வருசம் பள்ளி நிர்வாகம் எனக்கிட்டக் கேட்டது ஜனாஸா அறிவிக்க ஒரு ஆப். எங்கட ஊர்ல காலையில மவுத்தெண்டா பின்னேர அஸர் தொழுகையோட நல்லடக்கம். மிஞ்சினா ஆறேழு மணித்தியாலம். பள்ளி ஸ்பீக்கர்ட சத்தம் ஊர் எல்லையோட நிண்டிரும். கல்முனையில கலியாணம் முடிச்சவ, பாலமுனையில வீடு கட்டினவன் எல்லாரும் மூணு புடி மண் போடக் கிடைக்காம அடுத்த நாள் வந்து வாசல்ல நிக்கிற. அந்தக் கொறயத் தீக்கத்தான் ஆப்.

அப்பவே நஸீர் சேருக்கு மூணு முறையையும் சொன்னன். வெப்ல செய்யிறது சாரன் மாதிரி. ஒரே அளவு, ஆருக்கும் பொருந்தும், வட்ஸப்ல லிங்க் ஒண்டு அனுப்பினா முடிஞ்சி. ஆனா ஓடினா அவுறும். ரெண்டாவது, ஒரு கோட் எழுதி அதையே அன்ட்ரொயிட், ஐஃபோன் ரெண்டுக்கும் ஆக்கி எடுக்கிறது. சேர் உடனே "ஒரு கல்லுல ரெண்டு மாங்கா" எண்டார். "ஓம் சேர், ஆனா ரெண்டு மாங்காயும் ஒரே கொப்புல தொங்காது" எண்டன். அங்கங்க ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியாக் கைவெக்கணும், ரெண்டு ஸ்டோர்லயும் அனுமதி எடுக்கணும், ரெண்டு மூணு மாசம் போகும். மூணாவது, அந்தந்த ஃபோன்ட சொந்தப் பாசையிலேயே தனித்தனியா எழுதுறது. அது அளவெடுத்துத் தைச்ச கால்சட்ட. சொன்னதெல்லாம் கேக்கும், கெதியா ஓடும். ஆனா எல்லாத்தையும் ரெண்டு தரம் தைக்கணும், தைக்கிறவ நான் ஒருத்திதான்.

நிர்வாகம் சாரன் போதும் எண்டிச்சி. நானும் போதும் எண்டன். ரெண்டு கிழமையில முடிச்சிக் குடுத்தன்.

அதுல ஒரு வில்லங்கம் இரிந்திச்சி. ஐஃபோன்ல வெப் ஆப் மணி அடிக்கணுமெண்டா லிங்க்கத் திறந்தா மட்டும் காணாது. அதை முகப்புத் திரையில சேக்கணும், புறகு அறிவித்தலுக்கு அனுமதி குடுக்கணும். வயசு போன ஆக்கள் ஆர் இதெல்லாம் செய்யிற? அதால நான் ஒரு வேலை வெச்சிக்கிட்டன். ஒவ்வொரு அறிவித்தலுக்கும் புறகு ஆராருக்குப் போகல்ல எண்டு என்ட திரையில சிவப்புல ஒரு பட்டியல் விழும். அதை வெச்சிக்கிட்டு நானே ஒவ்வொருத்தருக்கும் ஃபோன்ல கோல் எடுத்துச் சொல்லுவன். கோல் எடுக்கிற புள்ளயும் ஆப்புல ஒரு துண்டு எண்டுதான் அவங்க நினைச்ச. நஸீர் சேருக்கே இது தெரியா. மூணு முறையில எதைக் கட்டினாலும் போகாதவங்க கொஞ்சப் பேர் இரிக்கத்தான் செய்வாங்க, அவங்களைப் பாக்க ஒரு ஆள் வேணும்.

"இப்ப என்னத்துக்கு சேர் திரும்பவும் ஒப்பீடு?" எண்டு கேட்டன்.

சேர் குரலைப் பதிச்சார். "அச்சிமுகம்மது காக்கா பள்ளிக்கு வந்து பெரிய கதை கதைச்சிட்டுப் போயிட்டார் மகள். ஊரெல்லாம் போன செய்தி எனக்கு மட்டும் வரல்ல, என்ட சொந்தத் தம்பிட மவுத்து எனக்கு வரல்ல, வேணுமெண்டே என்ட பேரை வெட்டிட்டாங்க, இனி தம்பிட வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டன் எண்டார். நிர்வாகத்துல எல்லாரும் தலையைக் குனிஞ்சிக்கிட்டு இரிந்தாங்க."

அச்சிமுகம்மது என்ட பெரியவாப்பா. வாப்பாக்கு மூத்தவர், வாப்பா காக்கா எண்டு கூப்பிடுற, கூடப் பொறந்த ஒரே ஆள். பாலமுனையில இரிக்கார். பதினொரு வருசத்துக்கு முந்தி வயல் வரம்புத் தகராறுல ரெண்டு பேரும் கதைக்கிறத விட்ட. வரம்பு என்னமோ ஒரு முழம். வாப்பா ஏழு மாசம் படுக்கையில கிடந்தார், மனுசன் ஒரு எட்டு வந்து பாக்கல்ல. ஏழு மாசம்! நிந்தவூருக்கும் பாலமுனைக்கும் நடுவுல என்ன, கடலா கிடக்கு?

அறைக்குள்ள உம்மாட அழுக கேட்டிச்சி. திரைக்குப் பின்னால நிண்டு, "நஸீர் தம்பி, எப்பிடியாவது அவர்ட மனச ஆத்துங்க. இவருக்கு ஆரு இரிக்கா, அந்த ஒருத்தர்தானே. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மன்னிச்சிப் பொருந்திக்காமப் போனா நாளைக்கு மறுமையில, மஹ்ஷர்ல நான் என்ன சொல்ற?" எண்டா.

சேர் என்னயப் பார்த்தார். "அவர் வெச்சிருக்கிறது ஐஃபோன், மகன் இன்ஸாப் கத்தார்ல இரிந்து அனுப்பினது. போன வருசம் நீங்க சொன்னபடி பார்த்தா குத்தம் வெப்லதானே?"

"ஓம் சேர்."

"அப்ப தொழில்நுட்பக் கோளாறு எண்டு ஒரு கடிதம் எழுதுங்க. நிர்வாகத்துட முத்திரையும் வெச்சித் தாறன். நீங்களே கொண்டு போய்க் குடுங்க. புதுசா நல்ல முறையில கட்டப் போறோம் எண்டும் சொல்லுங்க. கோவம் தன்னால ஆறிரும்."

எழுதினன். பத்து நிமிசம் போகல்ல. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். எனக்கு நல்லா ஆடத் தெரியும், அதுதான் பிழை.

வாப்பா மவுத்தான அண்டைக்கு வியாழக்கிழம. ஆஸ்பத்திரியில இரிந்து காலையில ஒம்பது மணிக்குச் சொன்னாங்க. அறிவித்தல நானேதான் போட்டன், வேற ஆர் போடுற? பேர் எண்ட பெட்டிக்குள்ள ஆதம்பாவா எண்டு அடிச்சன். வயசு எண்ட பெட்டிக்குள்ள அறுவத்தேழு. நல்லடக்கம் அஸருக்குப் புறகு. அமத்தினன். ஆயிரத்துச் சொச்சம் பேருக்குப் போச்சி, முப்பத்தெட்டுப் பேருக்குப் போகல்ல. சிவப்புப் பட்டியல் விழுந்திச்சி. வாப்பாவை மறப்புக்குள்ள வெச்சிக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கக்குள்ள நான் அறையில இரிந்து ஒவ்வொருத்தருக்கா கோல் எடுத்தன். "நிந்தவூர் ஆதம்பாவா மவுத்து, அஸருக்குப் புறகு நல்லடக்கம்." எல்லாருக்கும் ஒரே சொல்லு, ஒரே குரல். ஒரு மனுசி "ஆர் மகள் கதைக்கிற?" எண்டு கேட்டா, "ஆப்புல இரிந்து" எண்டு வெச்சிட்டன். முப்பத்தேழு பேருக்கு எடுத்தன். முப்பத்தெட்டாவது பேர் அச்சிமுகம்மது. நம்பர் முன்னுக்கு இரிந்திச்சி. லெப்டொப்ப மூடினன்.

ஏன் மூடின எண்டு கேட்டா, கோவம் எண்டு சொல்லலாம். கோவம் கூட இல்ல. அந்த நேரத்துல எனக்குள்ள ஒண்டுமே இல்ல. கொஞ்ச நேரத்தால உம்மா கேட்டா, "பெரியவாப்பாக்கும் போயிருக்கும் என்ன?" எண்டு. "போயிருக்கும்" எண்டன்.

கடிதம் எழுதின அடுத்த நாள், மத்தியான லுஹர் தொழுகைக்குப் புறகு அக்கரைப்பத்து பஸ்ல ஏறினன். களியோடைப் பாலம், ஒலுவில், புறகு பாலமுனை. பஸ்சுக்குள்ள மீன் பெட்டி, ரியூசன் புள்ளயள், ஆரோ ஒருத்தர்ட ஃபோன்ல மார்க்கப் பயான். மடியில கடிதம். யோசிச்சிப் பார்த்தன், குடுத்தா உம்மா நிம்மதியாகும், பெரியவாப்பா வாசப்படி மிதிப்பார், நிர்வாகம் புது ஆப் கட்டும். ஒருத்தருக்கும் நட்டமில்ல.

பெரியவாப்பா முன் ஹோல்ல இரிந்தார். என்னயக் கண்டதும் எழும்பல்ல, ஸலாத்துக்குப் பதில் மட்டும் சொன்னார். முகம் அப்பிடியே வாப்பாட முகம். பார்க்கேலாமக் கண்ணைக் கீழ போட்டன். சுபைறா பெரியும்மா பிளேன்டீ கொண்டு வந்து வெச்சிட்டு, என்ட தலையைத் தடவிட்டு உள்ளுக்குப் போனா.

கடிதத்தக் குடுத்தன். கண்ணாடியப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சார். "எனக்கு வெளங்கல்ல. கதையாச் சொல்லு" எண்டார். சொன்னன். வெப், ஒண்டுல ரெண்டு, தனித்தனியா. ஐஃபோன எடுத்துக் காட்டி, இஞ்ச சேத்திருக்கணும், இஞ்ச அனுமதி குடுத்திருக்கணும் எண்டும் சொன்னன். நல்லாத்தான் சொன்னன். கொம்பனியில இதுக்குத்தான் என்னய வெச்சிருக்காங்க.

பெரியவாப்பா ஃபோனத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு வரல்ல எண்டு அந்த மெசினுக்குத் தெரியாதா?"

தெரியா எண்டு சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லு. அவர் நம்பியிருப்பார்.

"தெரியும் பெரியவாப்பா. சிவப்புல காட்டும். எனக்குத்தான் காட்டும். முப்பத்தெட்டுப் பேர் இரிந்த, முப்பத்தேழு பேருக்குக் கோல் எடுத்துச் சொன்னன். ஒங்களுக்குச் சொல்லல்ல."

அவர் கத்துவார் எண்டு பார்த்தன். கத்தினா நல்லம் எண்டும் நினைச்சன். மனுசன் ஃபோன மெதுவா மேசையில வெச்சார்.

"எனக்குத் தெரியும் மகள்" எண்டார்.

"எது?"

"தம்பி மவுத்தான விசயம். பத்து மணிக்கே தெரியும். நிந்தவூர்ல இரிந்து மீன் கொண்டு வாறவன் சொன்னான். சேட்டும் தொப்பியும் போட்டுக்கிட்டு இந்தக் கதிரையிலதான் இரிந்தன். ஆராவது ஒருத்தர், ஒரு சொல்லு, வாங்க எண்டு. லுஹர் பாங்கு சொல்லிச்சி, இரிந்தன். அஸர் பாங்கு சொல்லிச்சி. அதுக்குப் புறகுதான் ஓடி வந்த. மையவாடிக்குள்ள வரக்குள்ள மண்ணத் தட்டிக்கிட்டு நிண்டாங்க." கண்ணாடியக் கழட்டினார். "நல்லதுக்குச் சொல்லிப் போகணும், கெட்டதுக்குச் சொல்லாமப் போகணும். இது எனக்குத் தெரியாதா? இந்த வயசுல?"

ரெண்டு பேரும் பிளேன்டீயைத் தொடல்ல. பெரியவாப்பா கடிதத்த மடிச்சி சேட் பொக்கட்டுக்குள்ள வெச்சார்.

"இது இரிக்கட்டும். ஆப் பிழைச்சிட்டு எண்டு புள்ளயளுக்குச் சொல்லுவம். ஒங்க உம்மாக்கும் அப்பிடியே சொல்லு. ஒனக்கும் நல்லம், எனக்கும் நல்லம். ஞாயிற்றுக்கிழம நான் வீட்டுக்கு வாறன்."

சரி எண்டன். வேலை முடிஞ்சி. எழும்பினன். அவர் கேற் வரைக்கும் கூட வந்தார், கொழுக்கியில கையை வெச்சார், திறக்கல்ல.

"தம்பி கடைசியா என்னயக் கேட்டானா?"

இதை நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல, உம்மாக்கும் சொல்லல்ல. புதன்கிழம பின்னேரம் வார்ட்டுல நானும் வாப்பாவும் மட்டும்தான் இரிந்தம்.

"கேட்டார்" எண்டன். "காக்காக்குச் சொல்லு, வரச் சொல்லு எண்டார். கொஞ்ச நேரத்தால திரும்பவும், சொன்னியா எண்டு கேட்டார். சொல்லிட்டன் வாப்பா எண்டன். நான் சொல்லல்ல. ஏழு மாசம் வராத மனுசன் இப்ப வந்து என்ன எண்டு இரிந்திட்டன். ராவைக்கு ரெண்டு மூணு தரம் கதவப் பார்த்தார்."

பெரியவாப்பா பொக்கட்டுல இரிந்து கடிதத்த எடுத்து என்ட கையில வெச்சார்.

"அப்ப, சொல்லியும் நான் வரல்ல எண்டு நினைச்சிக்கிட்டுத்தான் போயிருக்கான்" எண்டார்.

"ஓம் பெரியவாப்பா" எண்டன்.