விஜயலெட்சுமியின் நல்ல பிரஷர்

டொக்டர் ஜிப்னாவின் கம்பியூட்டரிலிருந்து புள்ளிகள் இறங்கி நடக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. ஊவா மாகாணத்தில் பிரஷர் மாத்திரை போடுகிற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு புள்ளி, கடுகளவு. அவை திரையின் கீழ் விளிம்பால் இறங்கி, மேசையைக் கடந்து, கதவிடுக்கால் வெளியேறித் தத்தம் ஆட்களின் வீடுகளைத் தேடிப் போயின. அலுவலகம் கூட்டும் ஷாமில் எறும்பு மருந்து போட்டுப் பார்த்தார். புள்ளிகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. கொஞ்ச நாளில் பதுளையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் தேங்காய் விற்ற விலையில் ஆட்களுக்குப் பேச வேறு விஷயம் இருந்தது.

ஜிப்னா, பதுளை பஸாரில் துணிக்கடை வைத்திருந்த ஜௌபரின் மகள். டொக்டருக்குப் படித்து, வார்டில் வேலை பார்த்து, தேயிலைத் தோட்டங்களிலிருந்து காலம் கடந்து தூக்கி வரப்படுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, வெளிநாடு போய்ச் சுகாதாரத் தரவுகளை ஆராயும் படிப்பையும் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். காலையில் வார்டு, பின்னேரம் கம்பியூட்டர். ஆள் விழுவதற்கு முன்பே எண்கள் எச்சரித்துவிடும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் பிழையில்லை. பிழை அவர் போட்ட ஒரு விதியில் இருந்தது. நடமாடும் கிளினிக்கில் பிரஷரை அளந்து பதிந்தால்தான் மாத்திரை என்பது அந்த விதி. முன்பெல்லாம் அடுத்த வீட்டாரின் கிளினிக் அட்டையைக் கொண்டுபோனாலும் மாத்திரை கிடைத்தது. அது ஒழுங்கில்லை என்று அவருக்குப் பட்டது. படித்தவர்களுக்கு அப்படித்தான் படும்.

அப்புத்தளைக்குக் கீழே, நாளில் பாதி மேகத்துக்குள் கிடக்கும் வெள்ளைப்பாறைத் தோட்டத்தின் எண்கள் அவர் மனத்தைக் குளிர வைத்தன. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் முழுவதற்கும் பிரஷர் அவ்வளவு அழகாக இருந்தது. அதனால் எல்லோருக்கும் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். பிறகு கம்பியூட்டர், இவர்களுக்கு இனி கிளினிக்கே தேவையில்லை, கிளினிக் வான் வண்டி வேறு தோட்டத்துக்குப் போகட்டும் என்று யோசனை சொன்னது. ஜிப்னா சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்தத் தோட்டத்துப் புள்ளிகளின் நடை அவரை உறுத்தியது. மற்றத் தோட்டத்துப் புள்ளிகள் தள்ளாடியும் ஓடியும் மூச்சு வாங்க நின்றும் போக, இவை மட்டும் ஒரே வரிசையில், ஒரே எட்டு வைத்துப் போயின. இரட்டைப் பிள்ளைகளுக்கே நாடி அப்படி ஒன்றாகத் துடிக்காது என்பது வார்டில் நின்ற எவருக்கும் தெரியும்.

அவர் அவற்றின் பின்னாலேயே போனார். புள்ளிகள் பதுளையில் ரயிலேறி அப்புத்தளையில் இறங்கின. டிக்கெட் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்துப் பாதையில் இறங்கி, லயத்தின் மற்ற வீடுகளை ஏறெடுத்தும் பார்க்காமல், ஒன்று விடாமல் ஒரே வீட்டுக்குள் நுழைந்தன. அது பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா விஜயலெட்சுமியின் வீடு. அரிசிப்பானை மூடியில், சாமிப்படச் சட்டத்தில், காயப்போட்ட துணியில் எல்லாம் புள்ளிகள். நசுங்கிவிடக் கூடாதென்று விஜயலெட்சுமி தரையைக் கூட்டாமல் ஊதி ஊதிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. கொழுந்தெடுக்கிற பெண்கள் கிளினிக்குக்குப் போனால் அன்றைய வேலைக் கணக்கில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஆகவே லயத்து அட்டைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு விஜயலெட்சுமி போனார். ஒவ்வோர் அட்டைக்கும் தலைத்துண்டை வேறு விதமாகக் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கையை நீட்டினார். மேகம் கிளினிக் அறைக்குள்ளும் வந்துவிடுவதால், அளந்தவருக்குக் கை தெரிந்த அளவுக்கு முகம் தெரியவில்லை.

"எனக்கு நல்ல பிரஷருங்க டொக்டரம்மா, எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கொன்னும் கொறைஞ்சு போயிராதுன்னுதான் அவங்களுக்கும் குடுத்தேன்."

ஜிப்னாவுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அந்த ஒரு நல்ல பிரஷரை நம்பி ஒரு லயத்துக்கே அல்லவா மாத்திரையைக் குறைத்திருந்தார்.

"யாருக்காவது உடம்புக்கு ஏலாம இருக்கா?" என்று கேட்டார்.

"இராக்கம்மாதாங்க ரெண்டு மூணு நாளாத் தலவலின்னு பொலம்புறா. இன்னைக்குக் கையும் மரத்துப் போன மாதிரி இருக்குன்னா. இருந்தாலும் மலைக்குப் போயிட்டா."

இருவரும் தேயிலை மலையில் ஏறி ஓடினார்கள். இராக்கம்மா கொழுந்து பறித்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் வலது கையால் பறித்தது ஒன்றும் கூடைக்குப் போகவில்லை, காலடியில் குவிந்து கிடந்தது. அது அவருக்கே தெரியவில்லை. கொழுந்து லொறியில் சாக்குகளின் மேல் படுக்க வைத்து, ஜிப்னா தலையை மடியில் தாங்கிக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. கை பாதிதான் திரும்பியது. போயிருந்த பேச்சு இராக்கம்மாவுக்குத் திரும்பி வந்த அன்று ஜிப்னா கட்டிலருகே உட்கார்ந்து, பிழை தன்னுடையது என்று சொல்லி அழுதார். இராக்கம்மா நல்ல கையால் அவர் முழங்கையைத் தட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு கிளினிக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே வந்தது. கூடையை இறக்கிவிட்டுக் கையை நீட்டினால் போதும், பேரும் போகாது. உண்மையான எண்கள் வரத் தொடங்கியதும் வெள்ளைப்பாறை மாகாணத்திலேயே மோசமான தோட்டமாகிவிட்டது. நன்றாக இருந்த தோட்டம் எப்படிக் கெட்டது என்று மேலிடத்தில் கேட்டார்கள். அது நன்றாக இருந்ததே இல்லை என்று ஜிப்னா பதில் சொன்னார். வான் அடிக்கடி வந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக விஜயலெட்சுமியின் வீட்டைவிட்டுக் கிளம்பி, சொந்த நடையில் சொந்த வீடுகளுக்குப் போயின. விஜயலெட்சுமி வாசலில் நின்று, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வெறிச்சோடிப் போனதில் அவருக்கு வருத்தம்தான்.

இராக்கம்மா வீடு திரும்பிய பிறகு, அவர் கையிலேயே பிரஷர் பட்டி சுற்றிக் கிளினிக்கில் முதல் தடவையாக அளந்தபோது ஜிப்னாவின் முகம் சுருங்கியது.

"பிரஷர் இன்னும் கூடத்தான் இருக்கு இராக்கம்மா."

"இருக்கட்டுங்க. இதாச்சும் என்னோடதுதானே" என்றார் இராக்கம்மா.

அன்று பின்னேரம் ஒரு புள்ளி விஜயலெட்சுமியின் வீட்டிலிருந்து புறப்பட்டு, வலது பக்கத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு லயத்து வாசலைக் கடந்தது. இராக்கம்மாவின் மகள் நிஷாந்தினி, அது உள்ளே வந்து சேரும்வரை கதவைச் சாத்தாமல் நின்றாள்.