இரு கரைக்கும் நடுவில்

மார்ஜரி வலையிலிருந்து சால்மன் மீன்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கோட்டை மணி விடாமல் அடித்தது. ஸ்காட்லாந்துக் குதிரைக்காரர்கள் பட்டப்பகலில் ட்வீட் ஆற்றைக் கடந்து இங்கிலாந்துக் கரையிலிருந்த நோரம் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள். ஊர் சனம் கோட்டையைப் பார்த்து ஓடியது. மார்ஜரி மட்டும் மீன் குத்தும் ஈட்டியோடு வீட்டுக்கு ஓடினாள். நடக்க முடியாத மாமனார் அங்கேதான் கிடந்தார்.

கிழவரின் கழுத்து அறுபட்டிருந்தது. கணவன் வாட் கிழிந்த தொடையைப் பிடித்தபடி சுவரோரம் சரிந்திருந்தான். அவன்மேல் வாளை ஓங்கி நின்றவன் திரும்பினான். அவள் பிறந்த அக்கரையிலிருந்து வந்தவன், அவளோடு ஒரே வயிற்றில் பிறந்த தம்பி டேண்ட்.

"அக்கா, தள்ளிப் போ."

"டேய், கெழவர் என்னடா பண்ணாரு உன்ன? வாளைக் கீழ போடு!"

"உன் புருஷனைக் கேளு. நம்ம ராபியை ஆத்துல அமுக்கிக் கொன்னது யாருன்னு கேளு."

ராபி அவர்களுடைய கடைக்குட்டித் தம்பி. குளிரில் கால் வழுக்கி ஆற்றோடு போனான் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னவன் வாட். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாத்தியா? வாயே தொறக்கல நாயி" என்று டேண்ட் வாட்டின் கழுத்தை நோக்கி வாளை இறக்கப் போனான்.

அவளையறியாமல் கை முந்திவிட்டது. ஈட்டியின் மூன்று முனைகளும் தம்பியின் விலாவில் இறங்கின. அவன் நம்பாதவனைப் போல அவளைப் பார்த்தான். "அக்கா..." என்றான். வாயில் ரத்தம் பொங்கியது. அவனை மடியில் தாங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

"என்னைக் காப்பாத்திட்டே மார்ஜரி" என்று வாட் முனகினான்.

அவள் தன் மேலாடையைக் கிழித்து அவன் தொடையை இறுகக் கட்டினாள். தம்பியை இழுத்துப்போய்ப் படகில் கிடத்தி அக்கரைக்குத் துடுப்புப் போட்டாள்.

கரையில் அம்மா நின்றிருந்தாள்.

"யாருடி குத்துனது?"

"நான்தாம்மா."

அம்மா ஓங்கி அறைந்தாள். இன்னொரு முறை அறைந்தாள். பிறகு மகனின் தோள்களைப் பிடித்துக்கொண்டு, "காலைப் புடி" என்றாள். இருவருமாகத் தூக்கி மணலில் கிடத்தினார்கள்.

"உன் சித்தப்பன்மாரு வந்தா உன்னை வெட்டிப் போட்டுடுவாங்க. போயிடு."

மார்ஜரி வாட் கிடந்த கரைக்கும் திரும்பவில்லை. படகை நீரோட்டத்தோடு விட்டாள். மூன்றாம் நாள், ஆறு கடலில் சேரும் பெர்விக் துறையில், மீனுக்கு உப்புப் போடும் கொட்டகையில் வேலை கேட்டு நின்றாள். ஊர் எது என்று கேட்டார்கள்; அவள் உப்புக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு மீனுக்கு முன் உட்கார்ந்தாள்.